மண் செட்டில் ஆகும் வரை

பூந்தமல்லியை அடுத்த நூம்பல் பக்கம் தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்தால் சௌக்கியமா என்று கேட்க மாட்டார், செட்டில் ஆகிவிட்டாயா என்றுதான் கேட்பார். வேலை கிடைத்தால் பையன் செட்டில். தாலி ஏறினால் பெண் செட்டில். அடித்துக்கொண்ட இரண்டு பேரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துப் பேசி அனுப்பினால் மேட்டர் செட்டில். ஆள் வைத்து ஒருவன் காலை உடைத்தாலும் அவனைச் செட்டில் பண்ணியாயிற்று என்கிறார்கள். இந்தச் சொல்லை விட்டுவிட்டுப் போன இங்கிலீஷ்காரனுக்கே இத்தனை உபயோகம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ராணிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு எரியும். பத்தொன்பது வயதில் அவளைக் கொரட்டூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஹேமநாதனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, "எம் பொண்ணு செட்டில் ஆயிட்டா" என்று அவள் அப்பா லட்சுமணன் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். ஹேமநாதன் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பட்டறை வாடகை இடம், குடியிருந்தது வாடகை வீடு, குழந்தையும் இல்லை. ராணி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சாதம் வடித்துப் பிழைத்தாள். ஆனால் சொந்தக்காரர்களின் கணக்கில் அவள் செட்டில் ஆனவள்தான். ஒருமுறை செட்டில் ஆனவர்கள் அதிலிருந்து திரும்பி வர எங்கள் பக்கத்தில் வழி கிடையாது.

தம்பி உதயகுமார் கதை வேறு. ஏசி மெக்கானிக்காக வளைகுடாவில் தோகாவுக்குப் போனவன், அங்கேயே சூப்பர்வைசர் ஆனான். மாங்காட்டில் மாமனார் வீட்டு மாடியில் பெண்டாட்டி தேவிப்பிரியாவும் மகள் தன்ஷிகாவும் சௌகரியமாக இருந்தார்கள். அவன் கழுத்தில் சங்கிலி, கையில் மோதிரம். இருந்தும் அவன் மட்டும் இன்னும் செட்டில் ஆகாதவன். பெற்றவரும் அப்படித்தான் சொன்னார், மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

லட்சுமணன் தான் சம்பாதித்து வாங்கியிருந்த நிலத்தை விற்றுவிட்டு நூம்பலில் மனை வாங்கியபோது உதயகுமார் தோகாவில் இருந்தான். செல்போன் வீடியோவில் முன்பக்கத்தை மட்டும் பார்த்து, "நல்லா கீதுப்பா" என்றான். முன்பு கீரைத் தோட்டமாக இருந்த இடம் அது. பின்பக்கத்தில் ஒரு பாழுங்கிணறு. மழைக்குத் தண்ணீர் தேங்கும் என்று மனை முழுவதையும் இடித்த கட்டட ரப்பிஷ் கொட்டி உயர்த்தினார் லட்சுமணன். கிணற்றையும் அதே ரப்பிஷால் மூடினார்.

கிணற்றை இங்கே யாரும் சும்மா மூடிவிட மாட்டார்கள். அதற்கு மூச்சு விட ஒரு வழி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்த இடத்தில் குடியிருப்பவர்களுக்கு மூச்சு முட்டும் என்பார்கள். லட்சுமணன் ஒரு செம்பு பாலை ஊற்றி, கற்பூரம் காட்டி, நீளமான பிவிசி குழாய் ஒன்றைக் கிணற்றுக்குள் நிறுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ராணிதான் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் ரப்பிஷ் விழ விழ, குழாயின் வாய் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வெளியே நின்றது. அதன்மேல் பாகற்கொடியை ஏற்றிவிட்டாள். தெருவில் அப்போது வேறு வீடே இல்லை. லாரிக்காரர்கள் போய்விட்ட பிறகு, கிணறு எங்கே இருந்தது என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

மனையின் முன்பக்கத்தில் சிமென்ட் ஷீட் போட்ட சின்ன வீடு. லட்சுமணனுக்குக் கை கால் இழுத்துக்கொண்டு வாயும் குழறியபோது, கேன்டீன் வேலையை விட்டுவிட்டு ராணி அங்கே வந்து சேர்ந்தாள். மலம் மூத்திரம் அள்ளினாள். கஞ்சி ஊட்டினாள். உதயகுமார் லீவில் வந்தால் மாங்காட்டில் தங்குவான், சாயங்காலம் பைக்கில் வந்து வாசலில் நின்று, "அப்பா எப்படி கீறாரு?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

அப்படி ஒரு லீவில்தான் ஒருநாள் காலையிலேயே ஆட்டோவோடு வந்தான்.

"அப்பாவுக்குக் கண்ணு செக் பண்ணணும்க்கா. பூந்தமல்லிக்குக் கூட்டினு போறேன். குளிப்பாட்டி ரெடி பண்ணு."

ராணிக்கு அவ்வளவு சந்தோஷம். தம்பிக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று வெந்நீர் போட்டு அப்பாவைக் குளிப்பாட்டி, சலவை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள். சாயங்காலம் திரும்பி வந்தார். இடது கட்டைவிரலில் மை. "இன்னாப்பா இது?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது. கண்ணுக்கு மருந்து ஊற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள் பாவி. தேங்காய் எண்ணெய் தொட்டு அந்த மையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

அப்பா இறந்து, காரியம் முடிந்த அன்று விஷயம் வெளியே வந்தது. மனை மொத்தமும், அப்பா கைநாட்டு வைத்து எழுதிக்கொடுத்ததாக, உதயகுமார் பெயருக்கு செட்டில்மென்ட் பத்திரம் ஆகியிருந்தது.

"இன்னாக்கா நீ? உன்னத்தான் அப்பவே செட்டில் பண்ணியாச்சே. நான்தான இன்னும் செட்டில் ஆவல?" என்றான் தம்பி. குரலில் கோபம்கூட இல்லை. சாப்பிட்டவளிடம் மறுபடி ஏன் இலை போடச் சொல்கிறாய் என்று கேட்பவன் மாதிரி கேட்டான்.

"அன்னிக்கு அப்பாவ எங்கடா கூட்டினு போன?"

"கண்ணு செக் பண்ணத்தான்க்கா."

"கையில மை கீதே?"

"ஆஸ்பத்திரில ஆயிரம் இருக்கும். கண்ணு செக் பண்ணத்தான் போனோம்."

வக்கீலைப் பார்த்தாள். அப்பா சொந்தமாக வாங்கிய மனை, அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். தம்பிதானே, விட்டுக்கொடு என்றார்கள் சொந்தக்காரர்கள். மனை போனதைக்கூட அவள் ஒரு மாதிரி விழுங்கியிருப்பாள். தன் கையாலேயே குளிப்பாட்டி அனுப்பியதும், தன் கையாலேயே அந்த மையைத் துடைத்ததும்தான் தொண்டையில் நின்றுகொண்டது. அதற்கு மேல், கண்ணைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்கிறானே. அவன் வாயால் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவன் அந்த மனையில் நிம்மதியாகத் தூங்கக் கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

வீட்டைக் காலி பண்ணச் சொன்னான். கொரட்டூரில் ஒரு ஒற்றை அறை பார்த்தாள். சாமான் ஏற்ற டெம்போ வருவதற்கு முந்தின நாள், தெருவில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த உச்சிவெயிலில், பின்பக்கம் போய் பாகற்கொடியைப் பிய்த்தெறிந்தாள். கடப்பாரையால் குழாயைச் சுற்றித் தோண்டினாள். குழாய் அசையவில்லை, அது கிணற்றின் அடிவரை போகிறதே. ஹேமநாதனின் பட்டறைச் சாமானில் இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடு கிடந்தது. மண்மட்டத்துக்குக் கீழே வைத்து அறுத்தாள். உள்ளே இருந்த மிச்சக் குழாயின் வாயில் பழைய துணியை அடைத்து, செங்கல் வைத்து, மண்ணைத் தள்ளி மிதித்தாள். அறுத்த துண்டை எடுத்துப் போய் முன்பக்க மூலையில், முருங்கை மரத்தருகே நட்டு, சுற்றிலும் கல் கெட்டித்து, இன்னொரு பாகற்கொடியைப் பிடுங்கி வந்து சுற்றிவிட்டாள். அப்பாவின் கட்டைவிரலைத் துடைத்த அதே விரல்களில் மண்ணும் ரத்தமுமாக இருந்தது. கழுவிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்தது.

மறுநாள் வீடு கட்ட உதயகுமார் கூட்டிவந்தது நாகப்பன் மேஸ்திரியை. அவர் மனையைச் சுற்றி வந்து முருங்கை மரத்தடிக் குழாயைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"யம்மா, கெணறு இங்கதான கீது?"

சாமானைக் கட்டிக்கொண்டிருந்த ராணி நிமிர்ந்தாள். "குழாய் எங்க கீதோ அங்கதான மேஸ்திரி கெணறு?"

"நல்லதாப் போச்சு. மூலையில உட்டுட்டு ஊட்டக் கட்டிக்கலாம். ஆனா சார், மொத்தமும் ரொப்புன மண்ணு. ஒரு மழ பாக்கட்டும். மண்ணு செட்டில் ஆவணும்."

உதயகுமார் சிரித்தான். "மண்ணு செட்டில் ஆவறதுக்குள்ள எனக்கு வயசாயிடும் மேஸ்திரி. மொதல்ல நான் செட்டில் ஆவுறேன், அப்பால அது ஆவட்டும்."

"கெணத்து மேல மட்டும் கட்டக் கூடாது, அவ்ளோதான். கட்டினா ஊடு ஒடனே உழுந்துடாது. கதவு மூடாது, சொவரு வாயப் பொளக்கும், தரை ஒருபக்கமா எறங்கும். உள்ள கீறவனுக்குத் தூக்கம் வராது."

அந்தக் கடைசி வாக்கியம் ராணிக்குத் தேனாகக் காதில் இறங்கியது.

பூமி பூஜையில் அந்தப் பொய்க் குழாய்க்குள் பால் ஊற்றினார்கள். அஸ்திவாரம் தோண்டினார்கள். பின்பக்கம் தோண்டியபோது ஒரு குழாய் முனை தட்டுப்பட்டதாம், தெரிந்த வரை உடைத்துத் தூக்கிப் போட்டார்களாம். ரப்பிஷில் வராத குழாயா? ஞாயிற்றுக்கிழமை தோறும் ராணி கொரட்டூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து வீடு எழும்புவதைப் பார்த்துவிட்டுப் போனாள். தன்னை ஏமாற்றிய தம்பியின் வீட்டை இவ்வளவு ஆசையாகப் பார்க்க வருகிறாளே, எத்தனை நல்ல மனசு என்று தெருவே பேசிக்கொண்டது. அவள் பார்க்க வந்தது பின்பக்கத்து அறையை. அதன் தூண் எழும்ப எழும்ப, தளம் விழ விழ, அவளுக்கு உடம்பில் சதை போட்டது.

ஒரு மழைக்காலம் போனது. டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்த சமயம், தேவிப்பிரியா தானாகவே வந்து சொன்னாள்.

"அண்ணி, பின்னாடி ரூம் கதவு மட்டும் மூட மாட்டேங்குது. கார்பென்டர் ரெண்டு வாட்டி இழைச்சுட்டுப் போனான். மறுபடியும் கீழ மாட்டிக்குது."

"புதுக் கட்டை. அப்படித்தான் இருக்கும்" என்றாள் ராணி. போய்ப் பார்த்தாள். ஜன்னல் மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு கிளம்பியிருந்தது. விரலால் அதைத் தடவிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அவளுக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

கிரகப்பிரவேசத்துக்குச் சொந்தம் மொத்தமும் வந்தது. பசுமாட்டைப் பிடித்துத் தள்ளிப் படியேற்றினார்கள், அது கூடத்தில் நின்று கோமியம் விட்டதும் எல்லோருக்கும் சந்தோஷம். முருங்கை மரத்தடிக் குழாயைச் சுற்றி கிரானைட் பதித்து, குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றியிருந்தார்கள். ஐயர் அதிலும் பால் ஊற்றினார். ராணி கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

சாப்பாடு முடிந்து தாம்பூலம் கொடுக்கும் நேரம். ஷாமியானாவின் கீழ் உதயகுமார் பட்டு வேட்டியோடு எழுந்து நின்றான். எல்லாரையும் உட்காரச் சொன்னான்.

"நாலு பேரு நாலு விதமா பேசுனீங்க. எனக்குத் தெரியும். எங்க அக்காவ நான் உட்ருவேனா? பின்னாடி ரூம் எங்க அக்காவுக்குத்தான். கட்டில், ஃபேன் எல்லாம் போட்டுட்டேன். இனிமே வாடகை ஊட்ல அது கஷ்டப்பட வாணாம். நானும் செட்டில் ஆயிட்டேன், எங்க அக்காவையும் செட்டில் பண்ணிட்டேன்!"

கை தட்டினார்கள். ஒரு பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனை மொத்தத்தையும் வாரிச் சுருட்டியவன் அதில் மூலையில் ஓர் அறையை நீட்டியதும் வள்ளலாகிவிட்டான், நம் ஜனங்களுக்கு அவ்வளவு போதும். ராணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எங்கே குழி பறித்தாளோ அங்கேயே அவளுக்குக் கட்டில் போட்டிருக்கிறான். அவள் சிரித்ததை எல்லோரும் ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதற்குள் தன்ஷிகா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வந்தபோதெல்லாம் அத்தையின் பையில் கடலைமிட்டாய் தேடும் பிள்ளை.

"அத்தை, நானும் அந்த ரூம்லதான். உன்கூடத்தான் படுத்துப்பேன். சுவத்துல என் ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டிட்டேன். ஒரு எடத்துல கோடு மாதிரி இருந்துச்சு, அது மேலயும் ஒட்டிட்டேன்."

ராணியின் சிரிப்பு நின்றது. அவள் வஞ்சம் உதயகுமாருக்காக வளர்த்தது. அதன்மேல் ஒரு குழந்தை ஸ்டிக்கர் ஒட்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. அப்போதும் தம்பிமேல் இருந்த கோபம் ஒரு துளி குறையவில்லை, இன்னும் கூடியது.

குனிந்து பிள்ளையின் காதில் சொன்னாள். "நீ முன்னாடி ரூம்ல உங்கம்மாகூடத்தான் படுக்கணும். பின்னாடி ரூம்ல என்னிக்கும் படுக்கக் கூடாது. அத்தை மேல சத்தியம் பண்ணு."

"ஏன் அத்தை?"

"பண்ணுடி."

பிள்ளை பயந்துபோய்க் கையில் அடித்தது. ராணி எழுந்து நேராக முருங்கை மரத்தடிக்குப் போனாள். கும்பிடப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூச்சரத்தோடு குழாயைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பிடுங்கினாள். கிரானைட் ஒன்று பெயர்ந்து விழ, குழாய் கையோடு வந்தது. முழங்கை நீளம்கூட மண்ணுக்குள் இல்லை. அது இருந்த இடத்தில் பாலில் நனைந்த மண்தான் தெரிந்தது. சேறும் குங்குமமும் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து, உட்கார்ந்திருந்த தம்பியின் பட்டு வேட்டி மேல் வைத்தாள்.

"இதுக்குக் கீழ கெணறு இல்லடா உதயா. நான்தான் அறுத்துக் கொணாந்து இங்க நட்டேன்."

நாகப்பன் மேஸ்திரி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னாக்கா சொல்ற? அப்ப கெணறு எங்க கீது?"

"பெரிய ஊடா கட்டிகீற இல்ல? அதுக்குக் கீழதான் எங்கியோ கீது."

"எங்கன்னு சொல்லுக்கா!"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். யாரோ ஒருவர், அடிப்பாவி, உன் தம்பி குடும்பம்டி என்று கத்தினார். அவள் குடும்பமாக அவர்கள் என்றைக்கு இருந்தார்கள் என்று திரும்பிக் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. தெருமுனை தாண்டும்போது பின்னால் மேஸ்திரி, "ரொப்புன மண்ணுல எந்த ரூம் கதவும்தான் மாட்டும், தரைய ஒடைக்காம ஒண்ணும் சொல்ல முடியாது சார்" என்று சொல்வது கேட்டது.

வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப் வரும்வரை செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. நிழற்குடையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, எடுத்தாள்.

"அக்கா, உன் கால்ல உழுறேன். எடத்த மட்டும் சொல்லு. பாதி மனை கூட எழுதித் தரேன்." அழுதுகொண்டிருந்தான். நிஜமான அழுகைதான்.

"மனை வாணாம்."

"வேற இன்னா வோணும்? எதுன்னாலும் கேளு."

"ஸ்பீக்கர்ல போடு."

போட்டான். கூட்டத்தின் இரைச்சல் கேட்டது, யாரோ உஸ் என்று அதட்டினார்கள், எல்லாம் அடங்கியது.

"அன்னிக்குக் காலைல அப்பாவக் குளிப்பாட்டி உங்கிட்ட அனுப்பினேனே. எங்க கூட்டினு போன? அத நீ இப்ப எல்லாரும் கேக்கறாப்புல சொல்லு. நான் கெணறு கீற எடத்தச் சொல்றேன்."

ரோட்டில் தண்ணி லாரி ஒன்று போனது. ராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினாள். அவன் சொல்லிவிட்டால் இந்த நிமிஷமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, திரும்பிப் போய், அந்த அறைத் தரையைத் தானே கடப்பாரை போட்டு உடைத்துக்கொடுத்திருப்பாள். அவளுக்குத் தன்மேலேயே அதிசயமாக இருந்தது.

உதயகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கண்ணு செக் பண்ணத்தான்க்கா கூட்டினு போனேன்."

ராணி கண்ணை மூடித் திறந்தாள். பூந்தமல்லிப் பக்கமிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது.

"அப்படியா?" என்றாள். "அப்ப கெணறு மொருங்க மரத்தாண்டதான் கீது. நீ நிம்மதியா தூங்கு."

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.